மடிப்புக்குள் தொடங்கிய அழுகல்: ஒரு மூளைக் கள்ளியின் நிகழ்வு ஆய்வு

மாமில்லேரியா எலாங்காட்டா என்ற கள்ளியின் கொண்டை வடிவம் ஒன்று, அதாவது நுனி விசிறிபோல் விரிந்து மூளைபோல மடிந்து வளரும் செடி, நலிந்த நிலையில் என் பராமரிப்புக்கு வந்தது. கள்ளி வளர்ப்பில் நல்ல அனுபவமுள்ள நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாக வளர்த்த செடி அது. அளவான தண்ணீர், நீர் தேங்காத மண், போதிய வெளிச்சம் என ஒரு கள்ளிக்குச் செய்ய வேண்டிய அனைத்தையும் அவர் செய்திருந்தார். அதே அலமாரியில், அதே கவனிப்பில் இருந்த மற்றக் கள்ளிகளுக்கு ஒரு குறையும் இல்லை. இது மட்டும் அடியில் அழுகி, மடிப்புகளில் மாவுப்பூச்சி அடைந்து, இரண்டு இடங்களில் கொண்டை உருவத்தையே கைவிட்டு, விரல் விரலாகச் சாதாரணத் தண்டுகளை விட ஆரம்பித்திருந்தது.

இப்படிப்பட்ட செடியைப் பார்த்ததும் அழுகலுக்கு ஒரு மருந்து, பூச்சிக்கு ஒரு மருந்து என்று தனித்தனியாகத் தேடத்தான் மனம் போகும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகு, மூன்று கோளாறுகளுக்கும் காரணம் ஒன்றே என்று புரிந்தது: அதன் வடிவம். கொண்டைக் கள்ளியைச் சாதாரணக் கள்ளி போல நினைத்து வளர்த்தால் போதாது. அது எந்தப் பக்கம் வளைகிறது, எங்கே மண்ணைத் தொடுகிறது, எந்த மடிப்புக்குள் காற்றுப் போகவில்லை என்று பார்த்துப் பார்த்து வளர்க்க வேண்டும். தண்ணீரும் உரமும் அதற்குப் பிறகுதான்.

புள்ளி கோடாகும்போது

மாமில்லேரியா எலாங்காட்டாவின் தாயகம் மெக்சிகோவின் நடுப்பகுதி. இதால்கோ, குவானாஹுவாட்டோ, கெரெட்டாரோ மாநிலங்களில் பாறைச் சரிவுகளில் இயற்கையாக வளர்கிறது. தாவரவியலாளர் டி கண்டோல் 1828இல் இதற்குப் பெயர் வைத்தார். இயல்பான உருவத்தில் இது விரல் பருமனுள்ள தண்டுகள் நெருக்கமாகக் கூடி நிற்கும் எளிய செடி. தண்டுகள் பெரும்பாலும் 1 முதல் 3 செ.மீ. தடிமன் இருக்கும், மஞ்சளோ பழுப்போ ஆன சிறு முட்கள் அவற்றைப் போர்த்தியிருக்கும்.

ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் நுனி ஆக்குத்திசு என்ற நுண்ணிய செல்திரள் உண்டு. புதிய உறுப்புகள் எல்லாம் அங்கிருந்தே பிறக்கின்றன. அந்தத் திரள் வளர்ந்துகொண்டே இருந்தாலும் அதன் அளவு மாறாமல் இருப்பதற்குச் செல்களுக்கிடையே ஓயாத கட்டுப்பாடு நடக்கிறது. ஆய்வகங்களில் மாதிரித் தாவரமாகப் பயன்படும் அராபிடாப்சிஸில் இந்தக் கட்டுப்பாட்டை நடத்தும் கிளாவாட்டா மரபணுக்கள் பழுதடைந்தால், உச்சித் திரள் பருத்து அகன்று, தண்டே தட்டையாகிவிடுவதைப் பார்த்திருக்கிறார்கள். கொண்டைக் கள்ளியிலும் நம் கண்ணுக்குத் தெரிவது இதுவே. புள்ளியாக இருக்க வேண்டிய வளர்நுனி பக்கவாட்டில் நீண்டு ஒரு கோடாகிவிடுகிறது. மரபணு மாற்றம், நுனியில் பட்ட காயம், உறைபனி, பூச்சிக்கடி, கிருமித்தொற்று எனப் பல காரணங்களால் இது நேரலாம். அரிசோனாப் பாலைவனத்தின் சகுவாரோ கள்ளிகள் சிலவற்றின் உச்சியில் பெரிய விசிறியாக விரிந்து நிற்பதும் இதே நிகழ்வு. தோட்டங்களில் பார்க்கும் கோழிக்கொண்டைப் பூவும் இதே வகை நிகழ்வுதான். ஆனால் அங்கே அந்தப் பண்பு விதை வழியாகவே தொடர்கிறது. கள்ளிகளில் விதை வழியாகக் கொண்டை வருவது அரிது. கொண்டைத் துண்டையே வெட்டி வேர்விடச் செய்ய வேண்டும், அல்லது ஒட்டுக் கட்ட வேண்டும். பக்கத்துத் தொட்டியில் இருக்கும் கள்ளிக்கு இது தொற்றிவிடுமோ என்று பலர் கேட்கிறார்கள். அலமாரியில் கூட வைத்திருப்பதால் அப்படித் தொற்றுவதில்லை.

அடுத்து வருவதுதான் இந்த ஆய்வுக்கு அச்சாணி. வளரும் விளிம்பு ஆண்டுக்கு ஆண்டு நீளமாகிக்கொண்டே போகிறது. அது உட்கார்ந்திருக்கும் அடிப்பகுதி அந்த அளவுக்கு நீள்வதில்லை. அதிக நீளத்தைக் குறுகிய இடத்தில் அடக்க வேண்டுமானால் துணியைக் கொசுவுவதுபோல மடித்தாக வேண்டும். மூளையை நினைவூட்டும் அந்த மடிப்புகள் அழகுக்காக வந்தவையல்ல, விளிம்புக்கும் அடிக்கும் உள்ள நீள வேறுபாட்டின் விளைவு. வயது ஏற ஏற மடிப்புகள் நெருங்கும். இரு முனைகளும் வெளியே சரிந்து, கீழே வளைந்து, ஒரு கட்டத்தில் மண்ணில் வந்து படும். நன்றாக வளரும் கொண்டைக் கள்ளி ஒவ்வொன்றும் இந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. எவ்வளவு செழிப்போ அவ்வளவு சீக்கிரம்.

வந்தபோது இருந்த நிலை

விசிறி ஏறத்தாழ 16 செ.மீ. அகலம். தொட்டியும் கிட்டத்தட்ட அதே அகலம். ஒரு முனை தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கியது. மறுமுனை சுருண்டு மண்ணில் அழுந்தி, தன் அடியில் ஒரு சிறு அறையையே உண்டாக்கியிருந்தது. மேலிருந்து பார்த்தால் செடிக்கு எந்தக் குறையும் தெரியாது. முட்கள் பொன்னிறமாக, நெருக்கமாக, பளிச்சென்று இருந்தன.

நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியை விளிம்பருகே கொண்டுபோனால் ஒரு மெல்லிய பள்ளம் விசிறியின் நீளம் முழுவதும் வளைந்து வளைந்து ஓடுவது தெரியும். வளர்கோடு அதுதான். அதன் இருபுறமும் கடுகைவிடச் சிறிய பச்சைப் புடைப்புகள் அணிவகுத்து நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் இன்னும் விறைக்காத, கண்ணாடி போன்ற முட்கள் குவிந்திருக்கும். கோட்டிலிருந்து விலக விலகப் புடைப்பு பெருக்கிறது, முள் விரிந்து நிறம் பெறுகிறது. நலமாக உள்ள கோட்டில் இந்த வரிசை எங்கும் அறுபடாது. இந்தச் செடியில் அது இரண்டு இடங்களில் அறுந்திருந்தது. ஒன்று, தொட்டி விளிம்பில் உராய்ந்த இடம். இன்னொன்று, மாவுப்பூச்சி வெள்ளைப் பஞ்சாக அடைத்திருந்த ஆழமான மடிப்பு. விரல் தண்டுகள் கிளம்பியிருந்ததும் சரியாக இந்த இரண்டு இடங்களில்தான்.

பிறகு ஒரு சிறு சோதனை. மண் நன்றாகக் காய்ந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தாலும் ஈரமில்லை. மை உறிஞ்சும் காகிதத்தை மெல்லிய பட்டையாக வெட்டி, மண்ணில் அழுந்தியிருந்த மடிப்புக்குள் செருகி எடுத்தேன். நனைந்து வந்தது. தொட்டி காய்ந்துவிட்டது, மடிப்பு காயவில்லை. நண்பர் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விட்டார், அது சரியான பழக்கம்தான். ஆனால் இந்தச் செடியில் ஈரத்தின் அளவைச் சொல்ல வேண்டிய இடம் மண்ணல்ல. கொண்டைக் கள்ளி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்தக் காகிதச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அடிப்பகுதியில் இரண்டு வகைப் பழுப்பு இருந்தது. ஒன்று கடினமானது, சாம்பல் கலந்த பட்டை போன்றது. அது வயதினால் வரும் மரத்தன்மை, அதைத் தொட வேண்டியதில்லை. மற்றது கருத்த பழுப்பு, அழுத்தினால் உள்ளே போனது. நாற்றம் இல்லை, கூழாக வழியவும் இல்லை. பாக்டீரிய அழுகலாக இருந்தால் ஓரிரு நாட்களில் செடி நீராகி நாறியிருக்கும். இது மெதுவாக, சாற்றுக்குழாய்த் திசு வழியாக மேலேறும் பூஞ்சை அழுகலின் தோற்றம். பார்த்த அளவில் இவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் எப்படி வெட்டுவது என்று தீர்மானிக்க இது போதும்.

வெட்டு

அழுகிய கள்ளிக்கு மருந்தூற்றிக் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பூஞ்சைக்கொல்லி நலமான திசுவைக் காக்க உதவும். அழுகிய திசுவை மீட்டுத் தராது. வெட்டுவது ஒன்றே வழி.

மெல்லிய, கூரான கத்தி. 70 சதவீத ஆல்கஹால். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தியைத் துடைக்க வேண்டும், ஒன்றைக்கூட விடக்கூடாது. சாதாரணத் தண்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் சாற்றுக்குழாய்கள் சிறு வளையமாகத் தெரியும். கொண்டையை வெட்டினால் அந்த வளையம் இழுத்து நீட்டப்பட்டுக் குறுகலான நீள்வளையமாக விசிறியின் அகலம் முழுக்க ஓடும். அதில் ஓர் இடத்தில் செம்பழுப்பு நூலிழை அளவு தெரிந்தாலும் அழுகல் அங்கே ஏறிவிட்டது என்று அர்த்தம். சுற்றியுள்ள சதை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் ஏமாறக்கூடாது. சிறிது சிறிதாக மேலேறி, நீள்வளையம் முழுதும் வெண்பச்சையாகத் தெரியும்வரை சீவினேன். சாதாரணக் கள்ளியில் இல்லாத ஒரு வசதி இங்கே கிடைக்கிறது. அழுகல் விசிறியின் ஒரு பக்கத்தில் மட்டும் ஏறியிருந்தால் அந்தப் பக்கத்தை ஆப்பு வடிவில் எடுத்துவிட்டு மற்றதை முழுதாகக் காப்பாற்றலாம். வளர்கோட்டின் எந்தத் துண்டும் தனியாக வாழக்கூடியது.

மிஞ்சியது ஒரு பெரிய விசிறி, சில சிறு ஆப்புத் துண்டுகள், கையளவு விரல் தண்டுகள். வெட்டு முகங்களில் கந்தகத் தூளைத் தூவி, காற்றோட்டமான நிழலில் வைத்தேன். சிறு துண்டுகளின் காயம் ஒரு வாரத்தில் தோல் கட்டிவிடும். அகன்ற வெட்டுக்கு இரண்டு மூன்று வாரங்கள் தேவை. அவசரப்பட்டு மண்ணில் வைத்தால் பட்டபாடு வீண். காய வைக்கும்போது துண்டுகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்க வைத்தால் வளர்கோடு வெளிச்சத்தை நோக்கித் திரும்பி, விசிறி கோணலாகிவிடும். வெறும் கோப்பை ஒன்றின் வாயில் செருகி நிறுத்தினால் அடியிலும் காற்றுப் படும்.

சொந்த வேரா, ஒட்டா

பெரிய விசிறியைச் சொந்த வேரில் வளர்ப்பது, சிறு துண்டுகளில் சிலவற்றை ஒட்டுக் கட்டுவது என்று முடிவு செய்தேன். கொண்டைக் கள்ளி என்றாலே ஒட்டுச்செடிதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பச்சையம் இல்லாத வண்ணக் கள்ளிகளுக்கு ஒட்டு இல்லாமல் உயிரே இல்லை. எளிதில் அழுகும் சில அரிய இனங்களுக்கும் அது நல்ல துணை. மாமில்லேரியா எலாங்காட்டாவோ தானாகவே நன்றாக வேர்விடும் செடி. அதை ஒட்டில் ஏற்றுவது பிழைக்க வைப்பதற்காக அல்ல, விரைவுக்காக மட்டுமே.

விரைவுக்கு ஒரு விலை உண்டு. டிராகன் பழக் கொடியின் தண்டில் ஏற்றிய துண்டு கண்ணெதிரே பெருத்தது. விளிம்பு தடித்து, முட்கள் விலகி, இடையிடையே பச்சைச் சதை தெரிந்தது. நெருக்கமான பொன்னிறப் போர்வை போய்விட்டது. அதோடு, ஒட்டைத் தாங்கும் அந்த வேர்ச்செடி 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தளர்ந்துவிடும். அதன் ஆயுளும் குறைவு. மிர்ட்டில்லோகாக்டஸ் ஜியோமெட்ரிசான்ஸ் என்ற நீலத் தண்டுக் கள்ளியில் ஏற்றிய துண்டு மிதமாக, ஓரளவு இறுக்கமாகவே வளர்கிறது. அழகைக் கேட்டால் சொந்த வேரில் உள்ளதுதான் என் தேர்வு. ஒட்டுகள் காப்பீடு, தாய்ச்செடிக்கு ஏதாவது நேர்ந்தால் இனம் கையை விட்டுப் போகாது.

கொண்டையை ஒட்டும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரு சாதாரணத் தண்டுகளை ஒட்டும்போது வளையத்தை வளையத்தின் மேல் பொருத்துவோம். இங்கே வேர்ச்செடியில் வட்ட வளையம், மேல்துண்டில் நீண்ட கோடு. நடுவுக்கு நடு வைத்தால், கோடு வட்டத்தை இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டு போகும். அந்தச் சந்திப்புகள் பிடித்தால் ஒட்டு பிடித்துவிடும். வேர்ச்செடியின் வெட்டு முகத்தின் ஓரத்தைச் சாய்வாகச் சீவிவிட வேண்டும். காயும்போது நடுச்சதை உள்வாங்கும், தோல் உள்வாங்காது. சீவாமல் விட்டால் தோல் முட்டுக்கொடுத்து மேல்துண்டைத் தூக்கிவிடும். ரப்பர் வளையங்களால் மிதமான அழுத்தம், ஒரு வாரம் பத்து நாள் நிழல். செடி சுறுசுறுப்பாக வளரும் வெப்பப் பருவத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

தொட்டியும் மண்ணும்

விசிறி அகலமானது, வேர் ஆழமில்லாதது. ஆகவே அகன்ற, உயரம் குறைந்த தொட்டிதான் பொருத்தம் என்பது எல்லோரும் சொல்வது. அது உண்மைதான். கூடவே சொல்ல வேண்டிய இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீர் ஊற்றி வடிந்த பிறகும் தொட்டியின் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மண் நீரால் நிறைந்தே நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் துகள் அளவு. தொட்டியின் உயரம் அல்ல. உயரமான தொட்டியில் அந்த ஈர அடுக்கு வேர்களுக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கும். குட்டைத் தொட்டியில் அதே அடுக்கு வேர்ப்பகுதியின் பாதியை விழுங்கிவிடும். அடியில் சரளைக் கல் போட்டு நிரப்புவதும் உதவாது; ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். குட்டைத் தொட்டி வேண்டுமென்றால் மண்கலவையைக் கரடுமுரடாக்க வேண்டும், வேறு வழியில்லை.

நான் பயன்படுத்திய கலவையில் நான்கில் மூன்று பங்கு 3 முதல் 6 மி.மீ. அளவுள்ள பியூமிஸ் என்ற நுரைக்கல்லும் சரளையும். மீதி மட்கிய இலை உரம். தூசியை முழுக்கச் சலித்து எடுத்துவிட்டேன். தென்னைநார்த்தூளை இந்தச் செடிக்குச் சேர்க்கவில்லை. அது நீரை ஏற்ற பின் எளிதில் விடாது. தொட்டி சுட்ட மண்ணாலானது, விசிறியைவிட இரு பக்கமும் இரண்டு விரல் அகலம் கூடுதல்.

இந்தச் சிகிச்சையிலேயே முக்கியமானது என்று நான் கருதுவது மேற்பரப்பு ஏற்பாடு. விசிறியின் அடிக்கட்டை மட்டும் கலவையில் இருக்கும்படி வைத்து, இரு இறக்கைகளுக்கும் அடியில் தட்டையான சிறு கற்களை முட்டுக்கொடுத்தேன். கல்லுக்கும் செடிக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி. செடியின் எந்தப் பச்சைப் பகுதியும் மண்ணைத் தொடவில்லை. விசிறி வளர வளரக் கற்களை மாற்றி உயர்த்த வேண்டியிருக்கும், அது தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை.

தண்ணீர்

நீண்ட மூக்குள்ள குவளையால் தொட்டியின் ஓரமாக, மண்ணில் மட்டும். கலவை அடிவரை காய்ந்த பிறகு, தாராளமாக. செடியின் மேல் தெளிப்பது அறவே கூடாது. கீழ்த்தட்டில் நீர் வைத்து உறிஞ்ச விடுவது மடிப்புகளுக்கு நல்லதுதான், ஆனால் அதையே செய்துகொண்டிருந்தால் உப்பு மேல்மண்ணில் சேர்ந்துவிடும்; அவ்வப்போது மேலிருந்து ஊற்றி அலசிவிட வேண்டும். மடிப்பில் நீர் பட்டுவிட்டால், கேமரா லென்ஸின் தூசியை ஊதப் பயன்படும் ரப்பர் ஊதியால் அப்போதே வெளியேற்றலாம். இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் இந்தச் செடிக்குத் தண்ணீரே காட்டுவதில்லை.

கள்ளிகள் இலைத்துளைகளை இரவில் திறப்பவை. பகலின் வெப்பத்தில் மூடிக்கொண்டு, இரவில் கரியமில வாயுவை வாங்கிச் சேமிப்பவை. காற்று அசையாத, ஈரம் நிறைந்த இரவு மடிப்புள்ள செடிக்கு இரட்டைத் தொல்லை. மூடிய அறைக்குள் வளர்ப்பவர்கள் இரவில் ஒரு சிறு மின்விசிறியை மெதுவாக ஓடவிடுவது வீண்செலவல்ல.

மாவுப்பூச்சி

விசிறிக் கள்ளியில் மாவுப்பூச்சியை ஒழிப்பது எளிதல்ல. பூச்சிக்குத் தேவையானவை எல்லாம் மடிப்புக்குள் இருக்கின்றன: மறைவிடம், ஈரம், தோல் தடிக்காத இளஞ்சதை. மேலே தெளிக்கும் மருந்து முட்களில் தங்கிவிடும், உள்ளே போகாது. நுண்ணிய தூரிகையை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்து மடிப்பு மடிப்பாகத் தொட்டு எடுத்தேன். மாலையில், வெயில் படாத நேரத்தில் மட்டும். மெழுகுப் பஞ்சுக்குள் இருக்கும் முட்டைகள் ஆல்கஹாலுக்குத் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வெள்ளை மறைந்த பிறகும் சில வாரங்களுக்குத் தொடர வேண்டும்.

வேப்பெண்ணெய்க் கரைசலைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். பரந்த இலைச் செடிகளுக்கு அது நல்ல மருந்து. மடிப்புள்ள கள்ளியில் எண்ணெய் முட்களைப் பிசுபிசுப்பாக ஒட்டவைத்து, தூசியைப் பிடித்து, மடிப்பின் காற்றோட்டத்தையும் அடைத்துவிடுகிறது. வெயில் பட்டால் தோலும் வெந்துபோகிறது. இங்கே நான் அதைப் பயன்படுத்தவில்லை.

எறும்பு வரிசை ஒன்று கள்ளித் தொட்டிக்குப் போவதைக் கண்டால் சும்மா விடாதீர்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதைப் பாதுகாத்து, செடிக்குச் செடி பரவவும் துணைபோகின்றன. மறுநடவின்போது வேர்களையும் கழுவிப் பார்க்க வேண்டும். வேர்மாவுப்பூச்சி இருந்தால் தொட்டியின் உட்சுவரிலும் வேரிலும் வெண்தூள் ஒட்டியிருக்கும். இந்தச் செடியில் அது இல்லை.

விரல் தண்டுகள்

கொண்டை தன் பழைய உருவத்துக்குத் திரும்புவதைத்தான் வளர்ப்பவர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். வளர்கோடு எங்கே அறுபடுகிறதோ அங்கே செல்திரள் மீண்டும் புள்ளியாகச் சுருங்கிக்கொள்ளலாம். புள்ளியிலிருந்து எழும் தண்டு கொண்டையைவிட வேகமாக வளரும். உணவில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் விசிறி, விரல்களின் கூட்டத்துக்கு நடுவே நின்றுபோன மேடாகிவிடும். தண்டு பட்டாணி அளவு இருக்கும்போதே அடியோடு எடுத்துவிட வேண்டும். கத்தியின் நுனியைக் கீழே செலுத்திக் குடைந்து எடுக்காவிட்டால் அதே இடத்தில் இரண்டாகக் கிளம்பும். காயம் ஆறும்வரை அந்தப் பக்கம் நீர் படக்கூடாது. தழைச்சத்து மிகுந்த உரமும் விரல் தண்டுகளை ஊக்குவிப்பதாக அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் சொல்கிறார்கள். தழைச்சத்து குறைந்த உரத்தை, குறிப்பிட்ட அளவில் கால்பங்காக நீர்த்து, வளரும் பருவத்தில் மட்டும் கொடுக்கிறேன்.

எடுத்த தண்டுகளை எறிய எனக்கு மனமில்லை. வேர்விட்டு, தனித்தொட்டியில் அழகான மாமில்லேரியாக்களாக வளர்கின்றன. கொண்டையிலிருந்து பிறந்த தண்டு பின்னொரு நாள் தானே கொண்டையாக விரிவதும் உண்டு.

விளிம்பு உராய்ந்து புண்ணான இடத்தில் என்ன நடக்கும் என்று அறிய விரும்பி, அங்கே கிளம்பிய தண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, புண்ணைத் தொடாமல் விட்டேன். இரு பக்கத்துக் கோடுகளும் அடுத்த வளர்பருவத்தில் பருத்து, புண்ணின் மேலாக நெருங்கி, தனித்தனி வளைவுகளாக நிற்கின்றன. கோடு ஒன்று சேரவில்லை. ஒரு விசிறி இரண்டு விசிறிகளாகிவிட்டது. தோற்றத்துக்கு இது குறையல்ல. முன்பிருந்ததைவிடச் செறிவாகவே தெரிகிறது.

வெளிச்சம் பற்றிச் சிறிது

நிழல் கூடினால் விளிம்பு வெளிறி மெலிந்து கத்திமுனை போலாகும். அது பிறகு தடிக்காது. நேர்வெயிலுக்குத் திடீரென்று மாற்றினால் மேல்முகடு வெந்து தழும்பாகும், வளர்கோடு அங்கேயே இருப்பதால் இழப்பு பெரிது. இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகப் பழக்கி, நடுப்பகலில் மெல்லிய நிழல்வலை கொடுத்தால் போதும். தொட்டியை வாரந்தோறும் கால்வட்டம் திருப்புவது நல்லது.

இப்போதைய நிலை

மீட்கப்பட்ட விசிறி புது வேர்விட மெதுவாகவே தொடங்கியது. தூக்கிப் பார்க்காமல் எப்படி அறிவது? வளர்கோட்டருகே புதிய கண்ணாடி முட்கள் தென்பட்டால் வேர் வேலை செய்கிறது என்று பொருள். அதற்கு முன் மடிப்புகள் சுருங்கிக் களைத்துத் தெரிந்தாலும் தண்ணீரை அள்ளி ஊற்றக்கூடாது. அழுகல் திரும்பவில்லை. காகிதச் சோதனையில் மடிப்புகள், தண்ணீர் விட்ட மறுநாளே உலர்ந்திருக்கின்றன. ஒட்டுகளில் ஒன்று பிடிக்காமல் உலர்ந்துபோனது, மற்றவை நலம்.

சென்ற வளர்பருவத்துக்குப் பிறகு பூவும் வந்தது. மாமில்லேரியாவின் பூக்கள் வளர்நுனியில் வருவதில்லை. புடைப்புகளுக்கு இடையிலுள்ள கக்கங்களிலிருந்து, முந்தைய வளர்ச்சியின் மேல் வருபவை. ஆகவே இளமஞ்சள் சிறுபூக்கள் விளிம்பிலிருந்து சற்றுக் கீழே, மடிப்பின் வெளிப்பக்கங்களில் வரிசையாக மலர்ந்தன. உள்மடிப்புகளில் ஒன்றுகூட இல்லை. வாடிய பூக்களை அன்றன்றே இடுக்கியால் எடுத்துவிட்டேன். கொண்டையில் வாடிய பூ மடிப்புக்குள் விழுந்தால் சாம்பல் பூஞ்சைக்கு அதுவே போதும்.

இரு இறக்கைகளில் இடதுபுறம் இப்போது வேகமாக வளைகிறது. கல்லை இன்னும் ஒரு முறை உயர்த்தலாம், அதற்குமேல் முடியாது. உள்ளே ஒரு மடிப்பு மூடிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. அது முற்றிலும் மூடும் முன், வெப்பப் பருவத்தின் தொடக்கத்தில், இறக்கையை அடிக்கட்டையின் பக்கத்திலிருந்து ஆப்பாக வெட்டிப் பிரித்துத் தனியே வேர்விடச் செய்யப் போகிறேன். வெட்டு எந்த மடிப்பின் பள்ளத்தில் இறங்க வேண்டும் என்பதைப் பார்த்து வைத்தாயிற்று. பள்ளத்தில் வெட்டினால் இரண்டு துண்டுகளிலும் வளர்கோடு நிமிர்ந்து நிற்கும்; தாய்ச்செடியின் காயமும் வெளிப்பக்கமாகத் திறந்து, காற்றில் காயும்.